அப்பா பதிந்து வைத்த வானொலி நாடகங்கள்: கேசட்டுகளைக் காப்பாற்றுவது எப்படி? ஒரு நாடகத்தின் முடிவு யாருக்காவது நினைவிருக்கிறதா?

ஜெலுத்தோங் மகள் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பா இறந்து ஆறு வருடம் ஆகிறது. போன மாதம்தான் அவருடைய அலமாரியை ஒழிக்க அம்மா சம்மதித்தார். அடித்தட்டில் ஒரு பழைய பிஸ்கட் டின் இருந்தது. உள்ளே 23 கேசட்டுகள். பாட்டாக இருக்கும் என்றுதான் நினைத்தேன். மூடியின் உள்பக்கம் அப்பாவின் சாய்ந்த எழுத்தில், "நாடகம். அழிக்கக் கூடாது" என்று இருந்தது. ஒவ்வொரு கேசட்டின் முதுகிலும் தேதி மட்டும்தான். 1977-இலிருந்து 1983 வரை. ஒன்றிலும் நாடகத்தின் பெயர் இல்லை.

அப்பா பினாங்குத் துறைமுகத்தில் டாலி கிளார்க்காக, அதாவது சரக்குக் கணக்கெடுப்பவராக, இருந்தவர். ஷிஃப்ட் வேலை. நாடகம் ஒலியேறும் நேரத்தில் அவர் வேலையில் இருந்தால் அம்மாதான் பதிய வேண்டும். எங்கள் வீட்டு நேஷனல் ரேடியோவில் சிவப்புப் பொத்தானையும் பக்கத்துப் பொத்தானையும் ஒன்றாக அழுத்த வேண்டும். ஒன்று முந்தினால் பதியாது. அம்மா அதைச் செய்யும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார். அப்பா இரவு பதினொன்றுக்கு வந்து, சோற்றைப் போட்டுக்கொண்டு, சத்தத்தைக் குறைத்து வைத்துக் கேட்பார். அம்மா ஏற்கெனவே கேட்டுவிட்டதால் கதையைச் சொல்லிவிடக் கூடாது என்று வாயைப் பொத்திக்கொண்டு எதிரில் உட்கார்ந்திருப்பார். அரைத் தூக்கத்தில் நான் பார்த்த காட்சி அது.

இப்போது அம்மாவுக்கு 82 வயது. கண் அழுத்த நோயால் பார்வை ஏறக்குறையப் போய்விட்டது. தொலைக்காட்சி நாடகம் போட்டுக் கொடுத்துப் பார்த்தேன். "யார் யாரோட பேசுறாங்கன்னே தெரியலம்மா, அணைச்சிடு" என்கிறார். அது உண்மைதான். அங்கே ஒரு பெண் அழுவாள், ஒருவன் முறைப்பான், பின்னால் இசை போகும், பேச்சே இருக்காது. வானொலி நாடகம் அப்படி இல்லை. கதவு கிறீச்சிடும், "என்ன பொன்னம்மா, விளக்கு வைக்காம இருட்டுல உட்கார்ந்திருக்கே?" என்று ஒரு வரி வரும். வந்தவர் பக்கத்து வீட்டுக்காரர், உள்ளே இருப்பது பொன்னம்மா, பொழுது சாய்ந்துவிட்டது, அவள் மனசு சரியில்லை. நாலு விஷயமும் அந்த ஒரு வரியிலேயே அம்மாவுக்குக் கிடைத்துவிடுகிறது. அவருக்காகவே எழுதியது மாதிரி இருக்கிறது.

அதனால்தான் இந்த 23 கேசட்டும் எனக்குப் பெரிதாகப் படுகிறது. ஆனால் தொடக்கமே சரியில்லை. முதல் கேசட்டைப் பழைய பிளேயரில் போட்டேன், இரண்டு நிமிடத்தில் டேப்பை இழுத்துச் சுற்றிக்கொண்டது. பென்சிலால் சுற்றி எடுத்தேன்; ஒரு சாண் நீளம் கசங்கிவிட்டது. இன்னொன்றை ஒரு கடையில் கொடுத்து சிடியாக மாற்றினேன். 35 வெள்ளி (ரிங்கிட்). தண்ணீருக்குள்ளிருந்து பேசுவது போல ஒலிக்கிறது. அதன்பிறகு எதையும் தொடவே பயம்.

ஒரே ஒரு கேசட் மட்டும் நன்றாக ஓடியது. 11.3.79 என்று எழுதியிருக்கிறது. அதில்தான் என் இரண்டாவது கேள்வி.

கதை இது. 1969-க்குப் பிறகு, குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் வேண்டும் என்று வந்ததல்லவா, சிவப்பு அடையாளக் கார்டு வைத்திருந்த நம்மவர்கள் ஆயிரக்கணக்கில் ஊருக்குக் கப்பல் ஏறினார்களே, அந்தக் காலம். வேலு ஒரு பால்மரத் (ரப்பர்) தோட்டத் தொழிலாளி. மரம் சாய்ந்து ஒரு கால் ஊனம். பெர்மிட் கிடைக்கவில்லை. மனைவி பொன்னம்மாவையும் மகனையும் விட்டுவிட்டு ரஜூலா கப்பலில் தமிழ்நாட்டுக்குப் போகிறான். தாய் தகப்பன் இல்லாதவன், அங்கே அவனுக்கு யாருமில்லை. "ரெண்டே வருசம், காகிதத்தைச் சரி பண்ணிட்டு வந்துடுறேன்" என்கிறான். ஒன்பது வருடம் ஓடிவிடுகிறது. இடையில் இரண்டே கடிதம். கடைசிக் காட்சியில் தகரக் கூரை மேல் மழை. பொன்னம்மா அடுப்பு ஊதுகிறாள். கதவை மூன்று முறை தட்டுகிறார்கள். "யாரு?" என்கிறாள். பதில் இல்லை. "யாருங்க, இந்த நேரத்துல?"

அதோடு டேப் தீர்ந்துவிட்டது. சி-60 கேசட், ஒரு பக்கத்துக்கு 30 நிமிடம்தான். பின்பக்கத்தில் அடுத்த வாரத்து நாடகம் முதலிலிருந்தே இருக்கிறது.

வந்தது வேலுதான் என்று அம்மா அடித்துச் சொல்கிறார். புக்கிட் மெர்தாஜாமில் இருக்கும் சின்னம்மாவைக் கேட்டால், "இல்லக்கா, தந்திக்காரன். வேலு செத்துட்டான்னு தந்தி வரும், பொன்னம்மா அழாம நிப்பா, நான் மூணு நாள் சாப்பிடல" என்கிறார். இரண்டு பேரும் அன்று ஒரே ரேடியோவுக்கு முன்னால் உட்கார்ந்து கேட்டவர்கள்! இரண்டு வாரமாகத் தொலைபேசியில் இதுதான் பேச்சு.

கேசட்டுகளை எப்படிக் காப்பாற்றுவது, இந்த நாடகம் யாருக்காவது நினைவிருக்கிறதா, இது போன்ற நாடகங்கள் வேறு எங்கே கிடைக்கும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

செந்தூல் ஒலிநாடா பதில்:

அக்கா, முதலில் அந்தப் பழைய பிளேயரை ஒதுக்கி வையுங்கள். ஒரு கேசட்டையும் இனி அதில் போட வேண்டாம். நான் பத்து வருடமாக வீட்டுப் பதிவுகளைக் கணினிக்கு மாற்றித் தருகிறேன். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் 23-உம் தப்பித்துவிடும், அந்தக் கசங்கியதும் சேர்த்து.

இன்று இரவே ஒரு வேலை செய்யுங்கள். கேசட்டின் முதுகுப்பக்கம் இரண்டு மூலையிலும் சின்ன பிளாஸ்டிக் காது இருக்கும். அதை உடைத்துவிட்டால் தவறிக்கூட அதன் மேல் பதிய முடியாது. அப்பா உடைக்காமல் வைத்திருந்தால் நீங்கள் உடையுங்கள். நாற்பது வருடம் தாங்கிய பதிவு ஒரு தப்பான பொத்தானில் போன கதை எனக்கு நிறையத் தெரியும்.

அடுத்து, ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பிடித்து, கேசட்டின் நடுவில் இருக்கும் சின்ன ஜன்னல் வழியாகப் பாருங்கள். டேப் சுருளின் ஓரத்தில் வெள்ளையாகப் பொடி படிந்திருந்தால் அது பூஞ்சை. நம் ஊர் ஈரத்தில் சகஜம். அவற்றைத் தனிப் பையில் போட்டு வையுங்கள், முகக்கவசம் இல்லாமல் திறக்காதீர்கள், ஓட்டாதீர்கள். பூஞ்சை ஒரு பிளேயரில் ஏறினால் அடுத்து போடும் கேசட்டுக்கும் போகும். பிறகு டேப்பை, பிளேயரில் ஒலியைப் படிக்கும் தலையோடு அழுத்திப் பிடிக்கும் சின்ன ஸ்பாஞ்ச் துண்டு இருக்கிறதா பாருங்கள். பழைய கேசட்டுகளில் அதன் பசை காய்ந்து கழன்றுவிடும். அது இல்லாவிட்டால் ஒலி மங்கி மங்கி வரும்.

கூட்டில் ஐந்து திருகாணி இருந்தால் நல்லது. திறந்து, சுருள் இரண்டையும் அப்படியே தூக்கிப் புதுக் கூட்டில் வைத்துவிடலாம். ஒட்டிய கூடு என்றால் கத்தியால் பிளக்க வேண்டும். அதற்குக் கை பழகியிருக்க வேண்டும், நீங்கள் முயல வேண்டாம்.

கடைக்காரர் கொடுத்த சிடி ஏன் தண்ணீருக்குள் பேசுவது போல இருக்கிறது என்றால், இரைச்சலை நீக்குகிறேன் என்று பேச்சையும் சேர்த்து நீக்கியிருப்பார்கள். டேப் இரைச்சலும், நாம் சொல்லும் ச, ஸ, ஷ ஒலிகளும் ஒரே உயர்ந்த அலைவரிசைப் பகுதியில் இருப்பவை. ஒன்றை வழித்தால் மற்றதும் போகும். அசல் கேசட் உங்களிடம் இருப்பதால் பாதகமில்லை, மறுபடி எடுக்கலாம். எந்தத் துப்புரவும் செய்யாத பதிவு ஒன்று முதலில் வேண்டும். வேவ் (சுருக்காத ஒலி) கோப்பாக, 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ். அதைத் தொடாமல் வைத்துவிட்டு, நகலில் என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள்.

இன்னொரு காரணமும் இருக்கலாம், இதைப் பலர் கவனிப்பதில்லை. பதிந்த இயந்திரத்தின் தலையும் ஓட்டும் இயந்திரத்தின் தலையும் ஒரே கோணத்தில் இருக்க வேண்டும். மயிரிழை சாய்ந்தாலும் கூர்மையான ஒலிகள் எல்லாம் மழுங்கிப்போகும். தலைக்குப் பக்கத்தில் ஸ்பிரிங் வைத்த ஒரு சின்னத் திருகாணி உண்டு. கேசட் ஓடும்போதே அதைக் கால் சுற்று, அரைக்கால் சுற்று திருப்பி, 'ஸ்' ஒலி எங்கே பளிச்சென்று வருகிறதோ அங்கே நிறுத்த வேண்டும். ஒவ்வொரு கேசட்டுக்கும் புதிதாகச் செய்ய வேண்டும். ஐம்பது வெள்ளிக்கு விற்கிற யூஎஸ்பி பிளேயர்களில் இதெல்லாம் நடக்காது.

குரல்கள் கீச்சென்று வேகமாக வந்தால் பயப்படாதீர்கள். பேட்டரி இறங்கிய நிலையில் பதிந்திருப்பார்கள். டேப் மெதுவாக நகர்ந்து பதிந்திருக்கும், இப்போது சரியான வேகத்தில் ஓட்டினால் குரல் ஏறிவிடும். மின்சாரத்தில் பதிந்ததா பேட்டரியில் பதிந்ததா என்று கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மின்சாரத்தில் பதிந்திருந்தால் அந்த உறுமல் லேசாக டேப்பில் இருக்கும். கணினியில் அது 52-இல் நின்றால் பதிவு அந்த அளவுக்கு வேகமாக ஓடுகிறது என்று அர்த்தம். உறுமலை 50-க்கு இறக்கினால் குரல்களும் தானாகச் சரியாகிவிடும்.

இணையத்தில் டேப்பை அடுப்பில் வைத்துச் சூடேற்றச் சொல்லியிருப்பதைப் படித்துவிட்டு அதைச் செய்துவிடாதீர்கள். அது குறிப்பிட்ட சில வகைப் பெரிய ரீல் டேப்புகளுக்கு, குறிப்பிட்ட வெப்பத்தில் செய்வது. கேசட்டுக்கு வேண்டாம்.

அந்தக் காலத்தில் ஒலிநாடா விலை கூடின பொருள். ஒலியேற்றியதை அழித்துவிட்டு அதிலேயே மறுபடி பதிவது உலகம் முழுக்க நிலையங்களில் இருந்த பழக்கம். பிபிசியே எத்தனையோ நிகழ்ச்சிகளை அப்படி இழந்திருக்கிறது. அவற்றில் சில, வீட்டில் பதிந்த நேயர்களிடமிருந்துதான் திரும்பக் கிடைத்தன. உங்கள் பிஸ்கட் டின்னில் இருப்பது உலகத்திலேயே ஒரே பிரதியாக இருக்கலாம். கோலாலம்பூர் வந்தால் கொண்டுவாருங்கள், காசு வேண்டாம். பஸ்ஸில் வந்தால் டின்னை மடியில் வைத்துக்கொள்ளுங்கள். வெயிலில் நிறுத்திய காரில் மட்டும் விட்டுவிடாதீர்கள்.

---

பழைய குரல் பதில்:

அம்மா ஜெலுத்தோங் மகளே, உன் கடிதத்தை என் பேரன் இரண்டு முறை படித்துக் காட்டினான். எனக்கு 77 வயது. பகலில் தமிழ்ப்பள்ளி ஆசிரியர், மாலையில் வானொலி நாடகத்தில் குரல் கொடுப்பவன். எழுபதுகளில் பந்தாய் டாலாம் பக்கம் அங்காசாபுரி வானொலி நிலையத்துக்கு மோட்டார் சைக்கிளில் போவேன். கதாநாயகன் வேடம் எனக்குக் கிடைத்ததில்லை. கங்காணி, கிராணி (தோட்டத்து எழுத்தர்), தந்திக்காரன், கூட்டத்தில் ஒருவன். குரல் இல்லாத நாளில் சத்தம் கொடுக்க நிற்பேன். அந்த வேலைதான் எனக்கு ரொம்பப் பிடித்தது.

ஒரு ஒலிவாங்கியைச் சுற்றி நாலு பேர் நிற்போம். கையெழுத்துப் பிரதியின் ஊசியைக் கழற்றி, தாளைத் தனித்தனியாக வைத்துக்கொள்வோம். படித்து முடித்த தாளைத் திருப்பினால் சரசரக்கும். அதனால் அப்படியே கம்பளத்தில் நழுவ விடுவோம். நாடகம் முடியும்போது காலடியெல்லாம் வெள்ளைத் தாளாகக் கிடக்கும். தூரத்திலிருந்து கூப்பிடுவது என்றால் கத்தக் கூடாது, நாலடி பின்னால் போய் முகத்தைத் திருப்பிக்கொண்டு பேச வேண்டும். ரகசியம் என்றால் உதடு ஒலிவாங்கியைத் தொடும் அளவுக்கு வர வேண்டும். பாடகர் என்று நாடே அறிந்த ரெ. சண்முகம் நல்ல நாடகக்காரரும்கூட. பாட்டு தெரிந்தவர்களுக்கு இந்த மூச்சு, தூரம் எல்லாம் சீக்கிரம் பிடிபடும்.

உன் நாடகத்தில் வரும் மழையைப் பற்றிச் சொல்கிறேன். முறத்தில் பச்சைப்பயறு போட்டு மெதுவாகச் சாய்த்தால் மண்ணில் விழும் மழை. பிஸ்கட் டின் மூடியில் அரிசியைச் சிறுகச் சிறுக விட்டால் தகரக் கூரை மழை. அதிலும் பச்சரிசி வேண்டும், புழுங்கல் அரிசி விழும்போது சத்தம் தடித்துப்போகும். நெருப்புக்கு மிட்டாய் சுற்றி வரும் கண்ணாடிக் காகிதத்தைக் கசக்குவோம். இடிக்குத் தகரத் தகட்டைத் தொங்கவிட்டு உலுக்க வேண்டும். குதிரைக்குக் கொட்டாங்கச்சி என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். சத்தங்கள் பதிந்த இசைத்தட்டும் இருந்தது, ஆனால் அதில் வந்தது வெள்ளைக்காரன் ஊர் மழை. தகரக் கூரையில் விழுகிற நம் ஊர் மழை அதில் எங்கே கிடைக்கும்?

உன் நாடகத்தில் நான் இருந்தேனா என்று தெரியவில்லை அம்மா. தந்திக்காரனாக எத்தனையோ கதவைத் தட்டியிருக்கிறேன். ஆனால் உனக்கு ஒரு யோசனை சொல்கிறேன். தட்டிய கையைக் கேட்காதே, வந்த காலைக் கேள். எங்களிடம் ஒரு மரத்தட்டில் சரளைக்கல், இன்னொன்றில் மணல், ஒரு பலகை, மூன்றும் இருக்கும். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு நடை வைத்திருப்போம். தந்திக்காரன் என்றால் சைக்கிளை நிறுத்தும் சத்தம் இல்லாமல் வரமாட்டான், அது எங்கள் இலக்கணம். கிராணி என்றால் பூட்ஸ். வேலுவுக்குக் கால் ஊனம் என்கிறாய். அப்படியானால் துறைமுகக் காட்சியிலேயே அந்த இழுத்து நடக்கிற நடையை நேயர் காதில் போட்டு வைத்திருப்பார்கள். அதை எதற்காகப் போட்டார்கள்? கடைசியில் திரும்ப எடுப்பதற்குத்தான். கதவு தட்டுவதற்கு முந்தின பத்து நொடியைக் காதில் வாங்கி வைத்துக் கேள்.

இன்னும் ஒன்று சொல்ல ஆசை. 1924 ஜனவரி 15-இல் பிபிசி ஒரு நாடகம் ஒலியேற்றியது. ரிச்சர்ட் ஹியூஸ் எழுதியது. வானொலிக்கென்றே எழுதிய முதல் நாடகங்களில் ஒன்று. கதை எங்கே நடக்கிறது தெரியுமா? வேல்ஸ் நாட்டில் ஒரு நிலக்கரிச் சுரங்கத்துக்குள். விளக்கு அணைந்துவிடுகிறது, அங்கிருந்து கதை தொடங்குகிறது. கதைக்குள் இருப்பவர்களுக்கும் கண் தெரியாது, கேட்கிறவர்களுக்கும் தெரியாது. எல்லோரும் ஒரே இருட்டில். இன்று உன் அம்மா கேட்பதுபோல் வேறு யாராலும் கேட்க முடியாது என்று நான் நம்புகிறேன்.

முடிவு தெரியாமல் தவிப்பது உங்கள் வீட்டில் மட்டும் நடந்ததில்லை. 1943 மே மாதம் அமெரிக்காவில் 'சஸ்பென்ஸ்' என்ற வரிசையில் ஒரு நாடகம். படுக்கையை விட்டு எழ முடியாத ஒரு பெண், துணைக்கு ஒரு தொலைபேசி மட்டும். ஆக்னஸ் மூர்ஹெட் நடித்தார். கடைசி நிமிடத்தில் ஸ்டூடியோவில் ஒரு குழப்பம், ஒரு முக்கியமான வரி தப்பான இடத்தில் வந்துவிட்டது. அவள் பிழைத்தாளா இல்லையா என்று கேட்டவர்கள் பலருக்குப் புரியவில்லை. அடுத்த வாரம் அறிவிப்பாளர் வந்து, அந்தப் பெண் கொலை செய்யப்பட்டாள், ஆள் வைத்தவன் அவள் கணவன் என்று விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று. அந்த ஆண்டே அதே நாடகத்தை மறுபடியும் நடித்தார்கள். நேரடியாக நடித்த காலத்தின் ஆபத்து அது; எங்களுக்கும் கை நடுங்கியிருக்கிறது.

கேட்டுவிட்டு எழுது அம்மா. நான் காத்திருப்பேன்.

---

பிரிக்பீல்ட்ஸ் பேத்தி பதில்:

அக்கா, உங்கள் மூன்றாவது கேள்விக்கு மட்டும்.

எங்கள் அம்மாச்சி யாழ்ப்பாணத்துப் பக்கம். வீட்டில் இலங்கை வானொலிப் பேச்சுத்தான் எப்போதும். சில்லையூர் செல்வராசன் எழுதிய 'தணியாத தாகம்', ராம்தாஸ் குழுவினரின் 'கோமாளிகளின் கும்மாளம்' இரண்டும் அந்தக் காலத்தில் பெரிய பெயர் எடுத்தவை. பின்னதை 1976-இல் 'கோமாளிகள்' என்று படமாகவே எடுத்தார்கள். அந்தக் காலத்துக் கலைஞர்களின் பதிவுகளை இலங்கை நேயர்கள் யூடியூபில் ஏற்றியிருக்கிறார்கள், தேடிப் பாருங்கள். யாழ்ப்பாணப் பேச்சு உங்கள் அம்மாவுக்கு முதலில் கொஞ்சம் இடறும், அரை மணியில் பழகிவிடும்.

நம் பக்கத்து வாசனை வேண்டும் என்றால் சிங்கப்பூர் வானொலியில் வந்த 'அடுக்குவீட்டு அண்ணாசாமி'. புதுமைதாசன் என்ற பி. கிருஷ்ணன் எழுதியது. கம்பத்திலிருந்து (கிராமத்து வீடுகளிலிருந்து) அடுக்குமாடிக்குக் குடிபோனவர்கள் கதை. புத்தகமாகவும் வந்திருக்கிறது. எங்கள் வீட்டில் நானும் தம்பியும் ஆளுக்கு ஒரு பாத்திரமாக அம்மாச்சிக்கு வாசித்துக் காட்டினோம். தம்பி பெண் குரலில் பேசும்போது அம்மாச்சி விழுந்து விழுந்து சிரிப்பார். உங்கள் பிள்ளைகளை வைத்துச் செய்து பாருங்கள், வாசிக்கத் தெரிந்தால் போதும்.

---

ஜெலுத்தோங் மகள் மறுபடியும்:

எல்லோருக்கும் நன்றி. எழுத ஐந்து வாரம் ஆகிவிட்டது.

டின்னை மடியில் வைத்துக்கொண்டே பஸ்ஸில் கோலாலம்பூர் போனேன். செந்தூல் தம்பி சனிக்கிழமை முழுதும் உட்கார்ந்து எட்டு கேசட்டுகளை மாற்றிக் கொடுத்தார். பூஞ்சை பிடித்தவை மூன்று, அவை அவரிடமே இருக்கின்றன. மற்றவற்றுக்கு அடுத்த மாதம் மறுபடி போகிறேன். பென்சிலால் சுற்றிய கேசட்டும் பிழைத்துவிட்டது. கசங்கிய இடத்தில் இரண்டு வினாடி குரல் குழறுகிறது, அவ்வளவுதான்.

11.3.79-ஐ எடுக்கும்போது அந்தச் சின்னத் திருகாணியை அவர் திருப்பியதை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். போர்வைக்குள்ளிருந்து பேசிக்கொண்டிருந்த பொன்னம்மா சட்டென்று அறைக்குள் வந்து நின்றது மாதிரி இருந்தது. அடுப்பு ஊதும் மூச்சுகூடத் தனியாகக் கேட்டது.

வீட்டுக்கு வந்து அம்மாவுக்கு ஹெட்போன் மாட்டிவிட்டேன். பழைய குரல் ஐயா சொன்னபடி, கதவு தட்டுவதற்கு முந்தின பத்து நொடியை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டேன். அம்மா கையை உயர்த்தி என்னைப் பேச விடவில்லை. நாலாவது முறை, "செருப்பு. ஒரு கால இழுத்து வைக்கிறான். வேலுதான்" என்றார். முகத்தில் அப்படி ஒரு வெற்றி. சின்னம்மாவுக்கு அப்போதே போன் போடச் சொன்னார். நான் எண்ணை அழுத்திக்கொண்டிருந்தபோது, "இரு, இன்னொரு தரம் போடு" என்றார்.

மறுபடி கேட்டுவிட்டு மெதுவாகச் சொன்னார்: "கூட ஒரு ஆளு வருது. வெறுங்காலு. சின்னக் காலு."

எனக்குக் கேட்கவில்லை. மூன்று முறை கேட்ட பிறகுதான் பிடிபட்டது. இழுக்கும் செருப்புச் சத்தம் ஒன்றுக்கு, இரண்டு சிறிய தப்புத் தப்பு. ஒரு குழந்தை பெரியவர் நடைக்கு ஈடுகொடுத்து ஓடி வருவது மாதிரி. மகனாக இருக்க முடியாது. அவன் பத்தொன்பது வயது, அதே காட்சியில் உள்ளே படுத்திருக்கிறான்.

அம்மா நாடகத்தை முதலிலிருந்து போடச் சொன்னார். இரண்டாவது கடிதம் வாசிக்கும் இடம் வந்ததும் நிறுத்தச் சொன்னார். வேலு எழுதியிருப்பது இதுதான்: "இங்கு எல்லோரும் நலம்." "அவனுக்கு ஆயி அப்பன் இல்லேன்னு கப்பல் ஏறும்போதே சொல்லிட்டானே. அப்போ யாரு இந்த எல்லாரும்?" என்றார் அம்மா. நாற்பது வருடத்துக்கு மேல் இந்தக் கதையை மனசில் வைத்திருந்தும் அந்த ஒரு சொல்லை அவர் கவனித்ததில்லையாம்.

சின்னம்மாவிடம் சொன்னோம். அவர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு, "அப்படின்னா அந்தத் தந்தி வேற நாடகத்துல வந்ததா இருக்கும்க்கா" என்றார். அம்மா ஜெயித்த மாதிரி பேசவில்லை. இரண்டு பேரும் இப்போது பொன்னம்மா கதவைத் திறந்திருப்பாளா மாட்டாளா என்று பேசிக்கொண்டிருக்கிறார்கள். திறந்திருக்கக் கூடாது என்கிறார் சின்னம்மா. மழையில் குழந்தை நிற்கிறதே என்கிறார் அம்மா.

பழைய குரல் ஐயா, அந்தக் குழந்தை நடையை எப்படிச் செய்திருப்பார்கள் என்று அம்மா கேட்கச் சொன்னார்.

---

பழைய குரல் பதில்:

உள்ளங்கையால் அம்மா. ஈர மணல் தட்டில் இரண்டு உள்ளங்கையையும் மாற்றி மாற்றி வைப்போம். விரல் படக் கூடாது. குழந்தைக்கு அப்படித்தான்.

அந்தக் காட்சியில் மழைக்கு ஒருவர், செருப்புக்கு ஒருவர், மணலுக்கு ஒருவர் நின்றிருக்க வேண்டும். உன் அம்மாவின் காதுக்கு என் வணக்கத்தைச் சொல்.

---

ஜெலுத்தோங் மகள்:

சொல்லிவிட்டேன் ஐயா. மேசை மேல் கையை வைத்து அம்மாவே செய்து பார்த்துக்கொண்டிருக்கிறார்.

படிக்கிறவர்கள் வீட்டில் பழைய கேசட் இருந்தால் தயவுசெய்து முதுகைப் பாருங்கள். தேதி 11.3.79, அல்லது சிவப்புக் கார்டு, ரஜூலா, பொன்னம்மா என்று எதுவாக இருந்தாலும் எனக்கு எழுதுங்கள். குறிப்பாக சி-90-இல் பதிந்தவர்கள். ஒரு பக்கத்துக்கு 45 நிமிடம், கதவு திறந்ததா என்பது அதில் இருக்கும்.